பதினான்காம் எண் வண்டியை நாங்கள் காப்பாற்றிய விதம்

1

பதினான்காம் எண் வண்டியைப் போன வாரம் பார்த்தேன். பக்கத்து வீட்டில் குழாய் உடைந்திருந்தது. அதைச் சரிசெய்ய வந்தவரின் வண்டியாக அது வாசலில் நின்றிருந்தது. கூரைமேல் ஏணி. நாங்கள் உட்கார்ந்திருந்த இருக்கைகளின் இடத்தில் குழாய்களும் வாளிகளும். பக்கவாட்டில் இருந்த நகரத்தின் சின்னத்தைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். சுரண்டிய இடம், கடிகாரத்தைக் கழற்றிய மணிக்கட்டு போல வெளுத்துத் தெரிந்தது.

பனிக்காலத்தில் இங்கே வெளியே போக ஒரு காரணம் கிடைப்பது அரிது. கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். வண்டி எப்படி இருக்கிறது என்று குழாய்க்காரரைக் கேட்டேன். அருமையாக ஓடுகிறதாம். ஏலத்தில் எடுத்தாராம். இவ்வளவு நல்ல வண்டியை நகர மன்றம் ஏன் விற்றது என்று அவருக்கு இன்னும் புரியவில்லையாம்.

எனக்குப் புரியும். அந்த முடிவுக்குப் போன ஒவ்வொரு படியும் எனக்குத் தெரியும். அதில் இரண்டு படிகளைக் கட்டிக்கொடுத்தவனே நான்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நான் சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே உள்ள ஒரு நகராட்சியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த நகராட்சி என்று சொல்ல மாட்டேன். வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, கோப்பில் ஆங்கிலம் என்று மூன்று மொழியில் காலம் தள்ளியவன். நகராட்சி வண்டிகள் அத்தனையும் என் பொறுப்பில் இருந்தன. தண்ணீர் லாரிகள், குப்பை டிராக்டர்கள், கமிஷனரின் ஜீப், சேர்மனின் அம்பாசடர், எப்போதும் எங்கேயாவது நின்றுபோயிருக்கும் ஒரு ரோடு ரோலர். ஒரு வண்டி எப்படி வாங்கப்படுகிறது, எப்படி இனி உதவாது என்று கண்டம் செய்யப்பட்டு ஏலத்துக்குப் போகிறது என்பது எனக்கு அத்துப்படி. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

மனைவி போன பிறகு மகள் சுமதி என்னை இங்கே கனடாவுக்கு அழைத்துக்கொண்டாள். எங்கள் நகராட்சியில் குப்பை டிராக்டர்களைக் கான்ட்ராக்டுக்கு விட்ட காலத்தில்தான் அவள் சென்னையில் கம்ப்யூட்டர் படித்து முடித்தாள். ஐதராபாத்திலிருந்து ஒரு ஆலோசகர் வந்து, வண்டி வைத்து ஓட்டுவது நகராட்சியின் வேலையா என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் டிரைவரின் இடத்தை நிரப்பக் கூடாது என்று உத்தரவு வந்தது. சர்க்கார் வேலையின் கதவை இந்தப் பக்கம் சாத்த, விமானத்தின் கதவு அந்தப் பக்கம் திறந்தது. தெருவுக்கு ஒரு பிள்ளையாவது ஏறிக்கொண்டது. சுமதியும் ஏறினாள். நைனா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் சென்னைக்குப் போனதும் அப்பா என்றாள். இங்கே மற்றவர்கள் முன்னால் டாட் என்கிறாள்.

நல்ல பெண். அதில் ஒன்றும் குறையில்லை. தமிழில்தான் பேசுகிறாள். மாத்திரை போட்டீங்களா, ஹீட்டரை ஏன் ஏத்தி வைச்சீங்க, பால் தீர்ந்தா சொல்லுங்க. அது தமிழ்தான். அதைப் பேச்சு என்று சொல்ல மாட்டேன். பேத்தி மாடியிலிருந்து கைபேசியில் எனக்குச் செய்தி அனுப்புவாள், சாப்பாடு தயார் என்று, ஆங்கிலத்தில். நான் கீழ்த்தளத்திலிருந்து ‘வருகிறேன்’ என்று தமிழில் பதில் போடுவேன். கட்டைவிரல் படம் ஒன்று வரும். அவளால் அதைப் படிக்க முடிகிறதா என்று நான் கேட்டதில்லை. முடியாது என்று சொல்லிவிட்டால் அந்த ஒரு வார்த்தையும் போய்விடும்.

கார் ஓட்டாதவன் இந்த ஊரில் மேசை நாற்காலிக்குச் சமம். யாராவது நகர்த்தினால்தான் நகரலாம். எங்கள் பகுதிக்கு பஸ் கிடையாது. முதியவர்களுக்காக நகர மன்றம் ஒரு சின்ன வேன் விட்டிருந்தது. முந்தின நாள் போன் செய்து சொன்னால் வீட்டுக்கு வந்து ஏற்றிக்கொண்டு நூலகம், கடைத்தெரு, ஆஸ்பத்திரி எங்கும் இறக்கிவிடும். அதுதான் பதினான்காம் எண். ஓட்டியவள் பிலிப்பைன்ஸ்காரி, பெயர் தெரேசா.

முதல் முறை ஏறியபோது முன்னால் யாரோ போனில் கத்திக்கொண்டிருந்தார்.

“அந்தக் காய இன்னும் நாலு நாளு மரத்துலயே வுடுடா. ஃபேக்டரிக்காரன் சொல்றதெல்லாம் கேட்டுக்கினு ஆடாத. மழ வந்தா வர்ட்டும், நான் பாத்துக்கறேன்.”

இங்கிருந்துகொண்டு சித்தூரை அடுத்த குடிபாலா பக்கத்து மழையை அவர் எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று தெரியவில்லை. ஆனால் அது எங்கள் பக்கத்துப் பேச்சு. எந்த ஊர் என்று கேட்டேன். திரும்பிப் பார்த்து, வாயெல்லாம் பல்லாக, “நம்ம பக்கமா நீ?” என்றார். அவர்தான் முனிரத்தினம்.

அவருடைய அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு அடி நிலம் கிடையாது. கூலி வேலை. பிறகு சர்க்கார் பட்டா, கிணறு, மாந்தோப்பு, ஜூஸ் ஃபேக்டரிக்குக் காய் என்று ஏறி, இப்போது மகன் இங்கே சாஃப்ட்வேரில் பெரிய ஆள். கையில் இரண்டு மோதிரம். என் ஓய்வூதியத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தவர் அவர் ஒருவர்தான். ஊரில் இருந்திருந்தால் நாங்கள் பேசியிருக்கக்கூடிய ஒரே இடம் என் ஆபீஸ் மேசை. நான் உட்கார்ந்திருப்பேன், அவர் நின்றிருப்பார். அந்த வேனில் இருக்கைகள் இரண்டிரண்டாக இருந்தன. அவர் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டு, “வா சார், குந்து” என்றார். குந்தினேன்.

அவர் மகன் வீடு ஊரின் மறுகோடியில், ஆற்றுக்கு அந்தப் பக்கம். வண்டி இல்லையென்றால் அவரும் நானும் சந்திக்க வழியே இல்லை. இந்த ஊரில் நான் பேச ஒரு மனிதர், அவரைப் பார்க்க ஒரு வண்டி. நிலைமை அவ்வளவு எளிமையானது.

3

ஒருநாள் வண்டிக்குள் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள்.

“இன்னா எழுதிக்கீது சார்?” என்றார் முனிரத்தினம். ஆங்கிலம் தெரியாததற்கு அவர் வெட்கப்பட்டதே இல்லை. அதற்குத்தான் நீ இருக்கிறாயே என்பார்.

விஷயம் இதுதான். இந்த ஊரில் நகர மன்றத்துக்குச் சொந்தமான எல்லா வண்டிகளுக்கும் ஒரே அலுவலகம். பனி தள்ளும் லாரி முதல் பூங்காவில் புல் வெட்டும் வண்டி வரை அவர்கள் கணக்கில் வரும். பட்ஜெட்டுக்கு முன்னால் ஆண்டுதோறும் அவர்கள் மன்றத்துக்கு ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும், எந்த வண்டி போதுமான தூரம் ஓடவில்லை என்று. ஓடாத வண்டியை வைத்திருக்க ஒவ்வொரு துறையும் காரணம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் வண்டி போகும். அந்த வருடப் பட்டியலின் முதல் வரைவில் பதினான்காம் எண் இருந்தது.

படித்ததும் எனக்குப் பயம் வரவில்லை. வெளிநாட்டில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்தது போல இருந்தது. இந்த வழக்கு எனக்குப் பழசு.

எங்கள் பக்கத்தில் திருப்பதி பிரம்மோற்சவம் வந்தால் சுற்றியிருக்கும் நகராட்சிகளுக்கெல்லாம் மாவட்டத்திலிருந்து உத்தரவு வரும், தண்ணீர் லாரி அனுப்பு, டிராக்டர் அனுப்பு என்று. தேர்தல் வந்தாலும் இதே கதைதான். எந்த வண்டியை எடுப்பார்கள்? லாக் புத்தகத்தைப் புரட்டி, சும்மா நிற்கும் வண்டியை எடுப்பார்கள். ஒரு வருடம் எங்கள் நல்ல லாரியின் டிரைவர் பத்ரய்யா மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். லாரி ஷெட்டில் நின்றது. எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உற்சவம் முடிந்து அது திரும்பி வந்தபோது டயர்கள் ஆறும் வேறு ஏதோ வண்டியின் டயர்கள், பாட்டரி வேறு யாருடைய பாட்டரியோ. நாலைந்து ஊர் வண்டிகள் ஒரே இடத்தில் நின்றால் யாரைக் கேட்பது? அடுத்து வந்த கோடை முழுவதும் மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர் போகவில்லை. பெண்கள் குடத்தோடு வந்து என் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

அதிலிருந்து உத்தரவு வரும் பருவம் நெருங்கினால் நாங்கள் எந்த வண்டியையும் நிற்க விடமாட்டோம். பத்ரய்யா காலையில் காலி லாரியை எடுத்துக்கொண்டு வடமாலபேட்டை வரை போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவார். மாலையில் இன்னொரு டீ. லாக் புத்தகத்தில் கிலோமீட்டர் ஏறும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை யாரும் தொட மாட்டார்கள்.

இதை முனிரத்தினத்திடம் சொன்னேன்.

“அப்ப டீ குட்சிக்கினே வண்டிய காப்பாத்திகீறீங்க.”

“அப்படியும் சொல்லலாம்.”

“டீ தான? குட்சிட்டா போச்சி. எங்க போலாம் சொல்லு.”

4

அந்தக் கோடைதான் இந்த நாட்டில் என் நல்ல காலம்.

வண்டி போகக்கூடிய எல்லையை வரைபடத்தில் பார்த்து வைத்துக்கொண்டேன். வடக்கு ஓரத்தில் ஒரு தாவரத் தோட்டம். கிழக்கே பறவைகள் வரும் ஒரு ஏரி. தெற்கே விமானம் இறங்குவதைப் பார்க்க ஒரு மேடை. அதற்கப்பால் ஒரு பழைய மாவு மில், இப்போது அருங்காட்சியகம். எது தூரமோ அதைக் கேட்டு போன் செய்தோம். நான் கேட்கும் இடத்துக்கு எதிர்த்திசையில் ஒன்றை அவர் கேட்பார். வண்டி இருவரையும் ஏற்றிக்கொண்டு இரண்டு இடத்துக்கும் போகும். வண்டியில் வரும் மற்ற இரண்டு மூன்று கிழவிகளிடமும் விஷயத்தைச் சொன்னேன். அவர்களும் பக்கத்துக் கடையை விட்டுவிட்டு தூரத்துக் கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். தெரேசாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஒன்றும் சொல்லாமல் சுற்று வழியில் ஓட்டினாள்.

முனிரத்தினம் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் இல்லாமல் வரமாட்டார். தோலைத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொள்வார். வண்டியை அழுக்காக்கினால் அதையும் எழுதிவைப்பார்கள் என்று நான் பயமுறுத்தியிருந்தேன். ஏரியைப் பார்த்தால் எத்தனை ஏக்கர் பாயும் என்று கேட்பார். விமானத்தைப் பார்த்தால் அதில் வரும் கிழவர்களை எண்ணுவார்.

“தோ, இன்னொருத்தன் வந்து மாட்டிக்கினான். பாவம், பெட்டிய பாத்துக்கினே வர்றான். ஊறுகா இருக்கும்.”

பெரும்பாலும் நாங்கள் பேசவும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு போனோம். எப்போதாவது அவர் தெலுங்கில் ஒரு வசவு சொல்வார், நான் சிரிப்பேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் அந்த இடத்தில் தமிழை விட்டுத் தெலுங்குக்குத் தாவ வேண்டும் என்று தெரியும். அதை யாரிடமும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சுமதி ஒருநாள் கேட்டாள். “மாவு மில்லுல என்னப்பா இருக்கு? மூணு தடவை போயிட்டீங்க.”

“மாவு” என்றேன்.

கோடை முடிந்ததும் இறுதிப் பட்டியல் வந்தது. போதுமான தூரம் ஓடாத வண்டிகளில் பதினான்காம் எண் இல்லை. தாளை முனிரத்தினத்துக்குப் படித்துக் காட்டினேன். “பாத்தியா?” என்று தெரேசாவைக் கேட்டார், தமிழிலேயே. அவளும் தலையாட்டினாள்.

பட்டியலுக்கு இரண்டாம் பக்கம் ஒன்று இருந்தது. அதை நான் வீட்டுக்குப் போய்த்தான் படித்தேன்.

5

இரண்டாம் பக்கத்தில் ஆயுள் முடிந்த வண்டிகள். இங்கே ஒவ்வொரு வகை வண்டிக்கும் இவ்வளவு தூரம் என்று ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் ரிப்பேர் செலவு கூடும் என்று கணக்கு. வண்டியை விற்றுவிட்டுப் புதியது கேட்க வேண்டும். பதினான்காம் எண் அந்த வரம்பைத் தாண்டியிருந்தது. ஏற்கெனவே வரம்பை நெருங்கியிருந்த வண்டியை எங்கள் தாவரத் தோட்டமும் ஏரியும் மாவு மில்லும் சேர்ந்து தாண்ட வைத்திருந்தன.

எங்கள் ஊரில் ஒரு வண்டியைக் கண்டம் செய்ய வேண்டும் என்றால் அது முதலில் செத்திருக்க வேண்டும். இஞ்சினீயர் வந்து பார்த்து, கமிட்டி கூடி, அதற்குள் வண்டிக்குள் வேப்பமரம் முளைத்திருக்கும். நன்றாக ஓடும் வண்டியை, ஓடியதற்காகவே கழிப்பார்கள் என்பது முப்பது வருட சர்வீசில் என் தலைக்கு எட்டாத விஷயம்.

புது வண்டி கேட்டு மன்றத்துக்குக் கோரிக்கை போயிருந்தது. ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்கள், உண்மையான விலையைப் போட்டு, உண்மையான காரணத்தோடு. இப்படியா கேட்பது? ஒரு லாரி வேண்டுமென்றால் நான் மூன்று கேட்பேன். எதிர்க்கட்சி கவுன்சிலர் ஒருவர் எழுந்து, ‘மூடு லாரீலு எந்துகய்யா, பெள்ளிக்கா?’ என்பார். மூன்று லாரி எதற்கு, கல்யாணத்துக்கா என்று அர்த்தம். சபை சிரிக்கும். சேர்மன் பெருந்தன்மையாக இரண்டை வெட்டுவார். ஊர்ப்பணத்தைக் காப்பாற்றிய திருப்தி அவர்களுக்கு, லாரி எனக்கு. ஒன்றை மட்டும் கேட்டால் மன்றம் எதை வெட்டும்? அதைத்தான் வெட்டும்.

பட்ஜெட் முடிவாகும் முன் பொதுமக்கள் வந்து மன்றத்தில் பேசலாம். ஆளுக்கு மூன்று நிமிடம். நான் பெயர் கொடுத்தேன், முனிரத்தினத்தின் பெயரையும் கொடுத்தேன். ஒரு தலையைவிட இரண்டு தலைக்கு மதிப்பு அதிகம் என்பது எந்த ஊர் மன்றத்திலும் மாறாது.

சபை அமைதியாக இருந்தது. யாரும் மைக்கைப் பிடுங்கவில்லை, யாரும் வெளிநடப்பு செய்யவில்லை. எனக்கு அதுவே நல்ல சகுனமாகப் படவில்லை. நான் வண்டியின் ஆயுள், ரிப்பேர் செலவு, ஏலத்தில் கிடைக்கும் தொகை என்று ஒழுங்காகப் பேசி முடித்தேன். மேயர் நன்றி சொன்னார். அடுத்தது முனிரத்தினம். மைக்கின் உயரத்தை அவரே சரிசெய்துகொண்டு, சட்டைப் பையைத் தட்டிவிட்டுக்கொண்டு, தமிழில் ஆரம்பித்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இங்க ஒரு கொறையும் இல்ல. பையன் வூடு பெருசு. சோறு கீது, டிவி கீது, தனி ரூமு கீது. பேசறதுக்குத்தான் ஆளு இல்ல. அந்த வண்டில இந்த சாரு வர்றாரு. கொஞ்சம் ராங்கி புட்சவரு, ஆனா நல்லவரு. நீங்க வண்டிய எடுத்துட்டீங்கன்னா இந்தாள நான் எங்க போயி பாக்கறது? அத மட்டும் சொல்லிடுங்க. வேற ஒண்ணும் வோணாம்.”

சபை முழுவதும் என்னைப் பார்த்தது. மொழிபெயர்க்க வேண்டும்.

அங்கே நின்றபோது என் மனதில் ஓடியதைச் சொல்கிறேன். ஒரு மன்றத்தின் முன்னால் ‘இவரைப் பார்க்க வேண்டும்’ என்பது கோரிக்கை ஆகாது. பட்ஜெட்டில் அதற்கு எந்தத் தலைப்பு? யார் பரிந்துரைப்பது? மேலும் அந்த ‘இந்தாள்’ நான். என்னை நானே எப்படி அத்தனை பேர் முன்னால் ஆங்கிலத்தில் சொல்வது? அதனால் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். முதியவர்கள் பலர் மருத்துவ சிகிச்சைக்குப் போய்வர இந்த வண்டியைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்று இவர் சொல்கிறார், என்றேன். கவுன்சிலர்கள் குறித்துக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் முனிரத்தினம் கேட்டார். “நான் அவ்ளோ பேசனேன். நீ இத்துனூண்டு சொன்ன. எல்லாத்தையும் சொன்னியா?”

“சாராம்சத்தைச் சொன்னேன்.”

“ராங்கின்னு சொன்னத?”

“அதையும்தான்.”

திருப்தியாகத் தலையாட்டினார்.

6

நகர மன்றம் நாங்கள் கேட்டதைக் கொடுத்தது. அதுதான் கொடுமை.

புது வேன் வாங்கும் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. பதிலாக, முதியவர்கள் மருத்துவத் தேவைக்குப் போய்வர டாக்சிக் கூப்பன். வீட்டு வாசலில் ஏற்றிக்கொள்ளும், ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும், வேறு யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். சபையில் இரண்டு முதியவர்கள் தெரிவித்த கருத்தை மன்றம் நன்றியுடன் கருத்தில் கொண்டது என்று தீர்மானத்தில் ஒரு வரி இருந்தது. என் வாழ்நாளில் நான் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்ட ஒரே மன்றம். தெரேசாவைப் பூங்காத் துறைக்கு மாற்றிவிட்டார்கள்.

டாக்சியில் பின்சீட்டில் தனியாக உட்கார்ந்து போய்வந்தேன். ஓட்டுகிறவர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, தன் ஊருக்குத் தன் மொழியில் பேசிக்கொண்டே ஓட்டினார். அவர்மேல் பொறாமையாக இருந்தது.

முனிரத்தினத்துக்குப் போன் செய்தேன். மாங்காய் விவகாரம் என்றால் போனில் மணிக்கணக்கில் கத்துவார். என்னிடம் அவருக்குப் பேசத் தெரியவில்லை, எனக்கும்தான்.

“இன்னா சார்?”

“ஒன்றுமில்லை. சும்மாதான்.”

“துன்னியா?”

“ஆச்சு. நீங்க?”

“ஆச்சி, ஆச்சி.” கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம். “செரி, வெச்சிரட்டா?”

வண்டியில் சும்மா இருக்கலாம். போனில் சும்மா இருக்க முடியாது, யாராவது ஒருவர் வைத்தாக வேண்டும்.

பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அவருக்கும் முட்டி வலி, எனக்கும் முட்டி வலி. இரண்டு பேரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் முட்டிக்குப் பயிற்சி எடுத்துக்கொள்ளப் பதிவு செய்தால் என்ன? செய்தோம். அவர் ஒரு டாக்சியில், நான் ஒரு டாக்சியில். காத்திருக்கும் அறையில் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. வேர்க்கடலைக்கு அனுமதி இல்லை என்று எழுதி மாட்டியிருந்தார்கள், கொட்டை வகைகள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம். அப்படியும் சில வாரங்கள் ஓடின. ஒருநாள் உள்ளே போனவர் முகம் தொங்கி வெளியே வந்தார்.

“இன்னா சார் இது. செரியா பூட்ச்சி, இனிமே வராதன்னு சொல்லிட்டா அந்தப் பொண்ணு.”

“நல்ல செய்திதானே.”

“இன்னா நல்ல சேதி? இன்னும் கொஞ்சம் நொண்டியிருக்கணும் நான்.”

அதோடு சரி. பனி கொட்ட ஆரம்பித்தது. அதற்குப் பிறகு போன வாரம் வரை நான் அவரைப் பார்க்கவில்லை.

7

குழாய்க்காரர் பதினான்காம் எண்ணை எடுத்துக்கொண்டு போன பிறகு, கீழ்த்தளத்துக்கு வந்து கூப்பன் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். முனிரத்தினத்தின் மகன் வீட்டு முகவரியைச் சொன்னேன். எடுத்த பெண் வழக்கம்போல, பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டாள்.

நோக்கம் என்ற கட்டம் எங்கள் லாக் புத்தகத்திலும் உண்டு. ஜீப்பில் யாருடைய மாமியார் காளஹஸ்திக்குப் போய்வந்தாலும் அதில் ‘சாக்கடை ஆய்வு’ என்று இருக்கும். எழுதியதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். என்ன சொன்னால் நடக்கும் என்று எனக்குத் தெரியும். மருத்துவம் என்றால் போதும்.

“அங்கே என் நண்பர் இருக்கிறார்” என்றேன். ஆங்கிலம் தடுமாறியது. “எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. மகள் வீடு நன்றாக இருக்கிறது. சாப்பாடு இருக்கிறது, டிவி இருக்கிறது, தனி அறை இருக்கிறது. பேசுவதற்குத்தான் ஆள் இல்லை. அவரைப் பார்க்க வேண்டும்.”

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது. இதற்குக் கூப்பன் கிடையாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் விதி எண்ணைச் சொல்லிப் போனை வைத்திருப்பேன்.

“சிகிச்சை என்று போட்டுக்கொள்கிறேன்” என்றாள் மெதுவாக. “நாளைக் காலை தயாராக இருங்கள்.”

முனிரத்தினம் வாசலிலேயே நின்றிருந்தார். மருமகள் காபி கொடுத்தாள், பெரிய கூடத்தில் உட்கார வைத்தாள். எதிரெதிரே இரண்டு சோபா, நடுவில் கண்ணாடி மேசை. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கேள்வி கேட்பதற்காக உட்கார வைத்தது போல இருந்தது. மாங்காய் எப்படி என்றேன். பரவாயில்லை என்றார். மருமகள் டிவியைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். நான் ஆசையாக வந்தது இதற்கா என்று இருந்தது.

முனிரத்தினம் திடீரென்று எழுந்தார். “வா சார், அங்க போலாம்.”

அவர் மகன் வேலைக்கு ரயிலில் போகிறவர். கார் ஷெட்டில் நின்றிருந்தது. முனிரத்தினம் ஷெட் கதவின் பொத்தானை அழுத்தினார், கதவு மேலே போனது. எதிரே பனி மூடிய தெரு, மரம், அதற்கப்பால் பெரிய ரோடு. எங்கள் இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. முன்சீட்டுகளை விட்டுவிட்டு, பின்கதவைத் திறந்து அவர் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டார்.

“குந்து.”

குந்தினேன். சட்டைப் பையிலிருந்து பொட்டலம் வந்தது. இரண்டு பேரும் முன்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு தின்றோம். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. பனி தள்ளும் லாரி ஒன்று போனது. நகரச் சின்னம் பளபளவென்று இருந்தது.

“ஓடாத வண்டிய எடுத்துக்கினு பூடுவாங்கன்னு நீதான சொன்ன?”

“சொன்னேன்.”

“ஓட்டனதயும் எடுத்துக்கினு பூட்டாங்க.”

“ஆமாம்.”

அவர் தோலைப் பையில் போட்டுக்கொண்டார். “அப்ப இத இன்னா பண்ணுவாங்க?”

எனக்குத் தெரிந்த விதிகளை எல்லாம் ஒருமுறை நினைத்துப் பார்த்தேன், அந்த ஊரது, இந்த ஊரது.

“இது எந்தப் பட்டியலிலும் இல்லை, முனிரத்தினம்.”

“அப்ப கவல இல்ல” என்றார். “குந்திக்கினு இரு. உன் டாக்சி வர நேரம் கீது.”